மூன்று ரூபாய் ஐம்பத்திரண்டு காசு

குறுவை அறுவடை முடிந்திருந்த ஒரு மாலை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சாலையோரம் நெடுக நெல் கொட்டிக் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வர, தார்ப்பாயை இழுத்து மூடுவதா, இன்னும் அரை மணி காயவிடுவதா என்று ஆளுக்கொரு யோசனை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் நெல் மூன்று நாளாக அங்கே காத்துக் கிடந்தது. கடையில் கிடந்த பேப்பரை மடித்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ஜெனிவான்னு ஒரு ஊர்ல ஒக்காந்துகிட்டு, நம்ம நெல்லுக்கு சர்க்கார் கூடுதலா வெல குடுக்குதுன்னு சண்ட போடுறாங்களாமே? நமக்குப் போட்ட காசே வரல. இதுல என்னத்தக் கூடுதலாக் குடுத்துட்டாங்க?"

அவர் கேட்டது முப்பது வருட உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையின் மையமான கேள்வி. அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நெல் விற்பவரும் ரேஷன் அரிசி வாங்குபவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விவசாயம் எப்படி உள்ளே வந்தது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, நாடுகள் ஒன்றின் சரக்குக்கு இன்னொன்று தாறுமாறாக வரி போடுவதைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் வந்தது. அதன் பெயர் 'காட்'. 1948-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் தொடக்கத்திலேயே உறுப்பினர். ஆலைப் பொருள்கள் மீதான வரி அதன் கீழ் சுற்றுச் சுற்றாகக் குறைந்துகொண்டே வந்தது. விவசாயத்தை மட்டும் பெரும்பாலும் வெளியே வைத்திருந்தார்கள். அப்படி வைத்தது ஏழை நாடுகள் அல்ல. 1955-இல் அமெரிக்கா தன் விவசாயிகளைக் காக்கத் தனி விலக்கே வாங்கிக்கொண்டது. ஐரோப்பா 1960-களில் பொது விவசாயக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, தன் விவசாயிக்கு உயர்ந்த விலையை உறுதி செய்து, வெளியிலிருந்து வரும் தானியத்துக்கு வரியால் அணை கட்டியது.

விலைக்கு உறுதி கிடைத்ததும் விளைச்சல் பெருகியது. 1980-களில் ஐரோப்பியக் கிடங்குகளில் வெண்ணெயும் பால் பவுடரும் கோதுமையும் மலையாகக் குவிந்தன. அந்த உபரியை அரசுப் பணம் கொடுத்து உலகச் சந்தையில் மலிவாகத் தள்ளினார்கள். அமெரிக்காவும் போட்டிக்கு அதையே செய்தது. உலக விலை சரிந்தது. மானியம் எதுவும் இல்லாத நாட்டு விவசாயிக்கு அந்தச் சரிவில் முதல் அடி விழுந்தது. இரு தரப்புக் கஜானாவுக்கும் சுமை தாங்கவில்லை. அப்போதுதான் விவசாயத்தையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரலாம் என்ற பேச்சு சூடு பிடித்தது.

1986-இல் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தே நகரில் தொடங்கிய அந்தச் சுற்று, 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷில் கையெழுத்தானது. 1995 ஜனவரி 1 அன்று, ஜெனிவாவைத் தலைமையிடமாகக் கொண்டு உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. விவசாய ஒப்பந்தமும் அன்றே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விவசாய ஒப்பந்தத்தின் கடினமான முடிச்சுகளை 1992 நவம்பரில் வாஷிங்டனின் பிளேர் ஹவுஸ் மாளிகையில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்களுக்குள் பேசி அவிழ்த்துக்கொண்டிருந்தன. இலக்கணம் எழுதியது யார் என்று தெரிந்தால், பின்னால் வரும் கணக்கு ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

மூன்று வாக்குறுதிகள்

அந்த ஒப்பந்தத்தில் நாடுகள் மூன்று வாக்குறுதிகளைக் கொடுத்தன.

ஒன்று, சந்தையைத் திறப்பது. இறக்குமதிக்குப் போட்டிருந்த அளவுக் கட்டுப்பாடுகளையெல்லாம் வரியாக மாற்ற வேண்டும். அந்த வரிக்கு ஓர் உச்சவரம்பு எழுதிக்கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வளர்ந்த நாடுகள் 6 வருடத்தில் சராசரியாக 36 சதவீதம், வளரும் நாடுகள் 10 வருடத்தில் 24 சதவீதம். இரண்டு, ஏற்றுமதிக்குக் கொடுக்கும் மானியத்தைக் குறைப்பது. மூன்று, உள்நாட்டில் விவசாயிக்கு அரசு கொடுக்கும் ஆதரவுக்கு வரம்பு வைப்பது. பெரியப்பாவின் கேள்வி இந்த மூன்றாவதில் இருக்கிறது.

உள்நாட்டு ஆதரவை நிறம் நிறமாகப் பெட்டி பிரித்தார்கள். ஆராய்ச்சி, பயிற்சி, பேரிடர் நிவாரணம், எதை எவ்வளவு விளைவித்தாலும் மாறாத நேரடி வருமானத் தொகை ஆகியவை பச்சைப் பெட்டி. அவை வர்த்தகத்தைக் கோணலாக்குவதில்லை என்று சொல்லி, வரம்பே இல்லை என்றார்கள். விளைச்சலைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையோடு கொடுப்பது நீலப் பெட்டி. விலையைத் தூக்கிப் பிடிக்கும் ஆதரவு மஞ்சள் பெட்டி; அதற்குத்தான் வரம்பு. ஒரு பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் வளர்ந்த நாடு 5 சதவீதம் வரை, வளரும் நாடு 10 சதவீதம் வரை கொடுக்கலாம்.

இதைக் கேட்டதும் பெரியப்பா, "அப்ப நமக்குத்தானே ஜாஸ்தி விட்டுருக்காங்க" என்றார். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1986-88-இல் யாரெல்லாம் இந்த வரம்புக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்களோ, அவர்கள் அதில் ஒரு பகுதியை மட்டும் குறைத்துவிட்டு மீதியைத் தங்கள் உரிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்பந்தம் சொன்னது. வளர்ந்த நாடுகள் 20 சதவீதம் குறைத்தால் போதும். அந்தக் கணக்கில் அமெரிக்காவுக்கு வருடம் 1,910 கோடி டாலர் மஞ்சள் பெட்டி உரிமை கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 7,200 கோடி யூரோவுக்கு மேல். அந்தத் தொகையை எந்தப் பயிருக்கு வேண்டுமானாலும் குவித்துக் கொட்டலாம்.

இந்தியாவுக்கு அந்த உரிமை பூஜ்யம். காரணம், அந்த வருடங்களில் நம் அரசு விவசாயிக்குக் கொடுத்த விலை உலக விலையைவிடக் குறைவாக இருந்தது. கணக்கில் அது மானியமாக வரவில்லை, கழித்தல் குறியோடு வந்தது. விவசாயியிடம் மலிவாக வாங்கி ஊருக்குச் சோறு போட்டதால், பிற்காலத்தில் அவனுக்கு நல்ல விலை கொடுக்கும் உரிமை சுருங்கிவிட்டது. நிறையக் கொடுத்தவனுக்கு மேலும் கொடுக்க உரிமை, கொடுக்க முடியாமல் இருந்தவனுக்கு இனியும் கொடுக்கத் தடை. இந்த ஒப்பந்தத்தின் அடிப்படைக் கோணல் இதுதான்.

டீக்கடைக் கணக்கு

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அரசு ஒரு விலை அறிவித்து நெல் வாங்கும்போது அதில் எவ்வளவு மானியம் என்று எப்படிக் கணக்கிடுவது? அறிவித்த விலையிலிருந்து உலக விலையைக் கழி. வரும் வித்தியாசத்தைச் சரக்கின் அளவால் பெருக்கு என்கிறது ஒப்பந்தம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கழிக்க வேண்டிய உலக விலை இன்றைய விலை அல்ல. 1986 முதல் 1988 வரையிலான மூன்று வருடச் சராசரி. அது அப்படியே உறைந்து நிற்கிறது.

இந்திய அரிசிக்கு அந்த விலை டன்னுக்கு 3,520 ரூபாய். அதாவது கிலோவுக்கு 3 ரூபாய் 52 காசு.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான் கடைக்கார அண்ணனிடம் கேட்டேன், "எண்பத்தேழுல டீ என்ன வெலண்ணே?"

"எங்கப்பா ஆத்துன காலம். எட்டணான்னு ஞாபகம்."

"இப்ப பதினஞ்சு ரூபா. யாராவது வந்து, அன்னைக்கு எட்டணாதானே, அதுக்கு மேல வாங்குற பதினாலரை ரூபாயும் ஒனக்கு மானியம்னு சொன்னா?"

"பாலு, சீனி, கேஸு எல்லாம் எட்டணாக் காலத்து வெலைக்குக் கெடைக்குமான்னு கேப்பேன்."

ஜெனிவாவில் இந்தியா கேட்பதும் இதையேதான். டீசல், உரம், நடவுக்கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் இன்றைய விலை. கணக்கு மட்டும் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் பழைய விலை. ஒப்பந்தம் எழுதியவர்கள் விலையை ஏன் உறையவைத்தார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. உலக விலை ஏறி இறங்குவதால், எந்தத் தப்பும் செய்யாத நாடு ஒரு வருடம் வரம்பை மீறியதாகிவிடக் கூடாது என்பது அன்றைய வாதம். மிகையான பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவில் ஒரு வரிகூட இருக்கிறது. எவ்வளவு, எப்படி என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

ஒரு வருடக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2018-19-இல் சாதாரண ரக நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி என்பது அரசுக் கணக்கு. அப்படியானால் அரிசி கிலோ சுமார் 26 ரூபாய். அதிலிருந்து 3 ரூபாய் 52 காசைக் கழித்தால், கிலோவுக்கு இருபத்திரண்டு ரூபாய்க்கு மேல் 'மானியம்'! அதே வருடம் உலகச் சந்தையில் அரிசி டன் 350 டாலருக்குக் குறையாமல் விற்றது. அன்றைய மதிப்பில் கிலோ 24, 25 ரூபாய். உண்மையான வித்தியாசம் ஒன்றிரண்டு ரூபாய்தான். காகிதத்தில் அது இருபத்திரண்டு.

இந்தியா ரூபாயில் கணக்குக் காட்டாமல் டாலரில் காட்டுகிறது. 1986-88-இல் ஒரு டாலர் பதின்மூன்று ரூபாய்ச் சொச்சம். அதனால் பழைய விலை டன் 262 டாலர் ஆகிறது. இப்படிப் பார்த்தால் 'மானியம்' கிலோவுக்கு எட்டு ரூபாய்க்குள் சுருங்கும். பெருக்கும் அளவிலும் தகராறு உண்டு. அரசு வாங்கிய நெல்லை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது இந்தியா. நாட்டில் விளைந்த அத்தனை நெல்லையும் எடுக்க வேண்டும் என்கிறது அமெரிக்கா. 2018 மே மாதம் அமெரிக்கா ஓர் எதிர்க்கணக்கு தாக்கல் செய்தது. 2010 முதல் 2014 வரையிலான வருடங்களில் இந்தியா அரிசிக்குக் கொடுத்த ஆதரவு உற்பத்தி மதிப்பில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறது, கோதுமைக்கு 60 சதவீதத்தைத் தாண்டுகிறது என்றது. இந்தியாவின் கணக்கில் அதே வருடங்கள் 10 சதவீத வரம்புக்குள் நிற்கின்றன. நெல் ஒன்றுதான், வயலும் ஒன்றுதான், சூத்திரம் வேறு.

பஞ்சு சொன்ன பாடம்

இது நம் நெல்லுக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் பருத்தி இதைவிடக் கசப்பான கதை.

பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி. இந்த நான்கு நாடுகளும் உலகின் மிக ஏழை நாடுகளின் வரிசையில் இருப்பவை. பருத்தியை மிகக் குறைந்த செலவில், கையால் பறித்து விளைவிக்கத் தெரிந்தவை. 2001-02-இல் உலகப் பருத்தி விலை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்கு விழுந்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்கா தன்னுடைய சுமார் 25,000 பருத்தி விவசாயிகளுக்கு 300 கோடி டாலர் அளவுக்கு மானியம் கொடுத்தது. விலை விழுந்தாலும் அவர்கள் சாகுபடியைக் குறைக்கவில்லை. குறைக்காததால் விலை எழவில்லை. மாலியின் விவசாயிக்கு அந்தச் சரிவைத் தாங்கக் கையில் எதுவும் இல்லை.

2003 ஜூன் மாதம் புர்கினா பாசோவின் அன்றைய அதிபர் பிளேஸ் கம்பாவோரே ஜெனிவாவுக்கே வந்து பேசினார். உதவி வேண்டாம், ஒப்புக்கொண்ட விதியைக் கடைப்பிடியுங்கள் என்பதுதான் அந்த நான்கு நாடுகளின் கோரிக்கையின் சாரம். அதே வருடம் செப்டம்பரில் மெக்சிகோவின் கான்குன் மாநாடு ஒப்பந்தம் இல்லாமல் முறிந்தது. முறிவுக்குப் பருத்தியும் ஒரு காரணம். 2005 ஹாங்காங் மாநாட்டில் பருத்தி மானியத்தை விரைவாகவும் ஆழமாகவும் குறைப்போம் என்று எழுதிக்கொடுத்தார்கள். எழுத்து எழுத்தாகவே நின்றது.

இதே பருத்திக்காகப் பிரேசில் வழக்குத் தொடுத்தது. 2002-இல் தொடங்கிய வழக்கில் 2005-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அமெரிக்கா மானியத்தை முழுமையாகத் திருத்தாததால், அமெரிக்கப் பொருள்கள் மீது பதிலடி வரி போட 2009-இல் பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. 2010-இல் ஒரு சமரசம் வந்தது. வருடம் 14.73 கோடி டாலர் பிரேசில் பருத்தித் துறைக்கான ஒரு நிதிக்கு அமெரிக்கா கொடுக்கும். பிரேசில் பதிலடியை நிறுத்திவைக்கும். 2014-இல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கையே முடித்துக்கொண்டார்கள். தன் விவசாயிக்கு மானியம் கொடுப்பதை நிறுத்த மனமில்லாமல், வழக்குப் போட்ட நாட்டு விவசாயிக்கும் சேர்த்துக் கொடுத்தது அமெரிக்கா. வழக்குப் போடும் வலுவும் பதிலடி கொடுக்கும் சந்தையும் பிரேசிலுக்கு இருந்தன. மாலிக்கு இரண்டும் இல்லை. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"வக்கீல் வைக்க வசதி உள்ளவனுக்குத்தான் பட்டா" என்றார் பெரியப்பா. நான் மறுக்கவில்லை.

தாழ்ப்பாள் இல்லாத கதவு

அடுத்தது சந்தையைத் திறக்கும் வாக்குறுதி. இதற்கு எய்ட்டியைச் சொல்ல வேண்டும். கரீபியன் கடலில் உள்ள சிறிய நாடு. அங்கும் அரிசிதான் முக்கிய உணவு. ஆர்த்திபொனித் பள்ளத்தாக்கு அவர்களுடைய நெற்களஞ்சியம். 1980-களில் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கை எய்ட்டியே விளைவித்தது. 1995-இல், கடன் கொடுத்தவர்களின் நிர்ப்பந்தத்தில், அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைத்தது. உலக வர்த்தக அமைப்பில் அது எழுதிக்கொடுத்திருந்த உச்சவரம்போ 50 சதவீதம். விதி இடம் கொடுத்தும், கடன் இடம் கொடுக்கவில்லை. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் நெல் விவசாயம் நொடிந்தது. இன்று அந்த நாடு உண்ணும் அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. 2010 மார்ச்சில் அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளின்டன், தன் காலத்தில் எடுத்த அந்த முடிவு தன் மாநிலமான அர்கன்சாவின் சில விவசாயிகளுக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் எய்ட்டியின் சோற்றைப் பறித்துவிட்டது என்று செனட் குழு முன் வெளிப்படையாக வருந்தினார். வருத்தம் வந்தபோது பதினைந்து வருடம் போயிருந்தது; கைவிட்ட வயலுக்கு ஆள் திரும்பி வருவது எளிதல்ல.

இறக்குமதி வெள்ளம் வரும்போது கதவைச் சற்று நேரம் மூடும் உரிமை வேண்டும் என்று வளரும் நாடுகள் கேட்டது இதனால்தான். 1995 ஒப்பந்தத்தில் அப்படியொரு பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அளவுக் கட்டுப்பாடுகளை வரியாக மாற்றி, உரிமையை அப்போதே பதிவு செய்துகொண்ட 39 உறுப்பினர்களுக்கு மட்டும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும் அதில் உண்டு, இந்தியா இல்லை. இந்தோனேசியா தலைமையில் திரண்ட ஜி-33 நாடுகள் எங்களுக்கும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றன.

2001-இல் கத்தாரின் தோஹாவில் 'வளர்ச்சிக்கான சுற்று' என்று பெயரிட்டுத் தொடங்கிய பேச்சு, கடைசியில் இந்தத் தாழ்ப்பாளில்தான் உடைந்தது. 2008 ஜூலை, ஜெனிவா. ஒன்பது நாள் பேசினார்கள். இறக்குமதி வழக்கத்தைவிட 40 சதவீதம் கூடிய பிறகே, இருக்கும் உச்சவரம்பைத் தாண்டி வரி போடலாம் என்றது முன்வைக்கப்பட்ட சமரசம். அவ்வளவு வெள்ளம் உள்ளே வந்த பிறகு காப்பாற்றுவதற்கு விவசாயி மிஞ்ச மாட்டான் என்பது இந்திய வர்த்தக அமைச்சர் கமல்நாத்தின் நிலை. அமெரிக்கப் பிரதிநிதி சூசன் ஷ்வாப் இறங்கி வரவில்லை. பேச்சு முறிந்தது. பிடிவாதக்காரன் என்று உலகப் பத்திரிகைகள் பல இந்தியாவைத் திட்டின. இரண்டரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் நானூறு ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் ஒரே வெள்ளம் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதை அவை எழுதவில்லை. இந்திய விவசாயியின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75. அமெரிக்கப் பண்ணையின் சராசரி 440 ஏக்கருக்கு மேல்.

பாலியில் கிடைத்த அவகாசம்

2013-இல் இந்தியா உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மலிவு விலையில் தானியம். அதற்கு நெல்லும் கோதுமையும் கொள்முதல் செய்தாக வேண்டும். செய்தால் 10 சதவீத வரம்பு இடிக்கும். அதே வருடம் டிசம்பரில் இந்தோனேசியாவின் பாலியில் கூடிய மாநாட்டில் ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது. உணவுப் பாதுகாப்புக்காக ஏற்கெனவே நடந்துவரும் கொள்முதல் வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போட மாட்டோம் என்று மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டன. அமைதிப் பிரிவு என்று இதைச் சொல்கிறார்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரை இது நீடிக்கும் என்று 2014 நவம்பரில் எழுத்தில் உறுதியானது.

2018-19-இல் அது தேவைப்பட்டது. அரிசி உற்பத்தியின் மதிப்பு 4,367 கோடி டாலர், கொடுத்த ஆதரவு சுமார் 500 கோடி டாலர், 10 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்று இந்தியாவே 2020-இல் தெரிவித்தது. அமைதிப் பிரிவின் நிழலில் ஒதுங்கிய முதல் நாடு இந்தியா. சற்று முன் பார்த்த டாலர் கணக்கில், இந்தியாவுக்குச் சாதகமான சூத்திரத்தில் வந்த எண்ணே இது.

2015-இல் கென்யாவின் நைரோபி மாநாடு ஒரு நல்ல காரியம் செய்தது. ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க முடிவெடுத்தது. ஆனால் நிரந்தரத் தீர்வு அங்கும் வரவில்லை. 2017 புவெனஸ் அய்ரஸ், 2022 ஜெனிவா, 2024 அபுதாபி மாநாடுகளிலும் வரவில்லை.

எதிர்த் தரப்பும் ஒரு விவசாயிதான்

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப வெளிநாட்டுக்காரன் எல்லாம் நம்மளக் கெடுக்கத்தான் ஒக்காந்துருக்கானா?" என்றார் பெரியப்பா. அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தால் அது பாதி உண்மை.

உலக அரிசி வர்த்தகத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இந்தியாவுடையது. அரசு நல்ல விலைக்கு வாங்கிக் குவிக்கும் நாடே மிகப் பெரிய ஏற்றுமதியாளராகவும் இருந்தால், தாய்லாந்து விவசாயிக்கும் பாகிஸ்தான் விவசாயிக்கும் கவலை வருவது இயல்பு. கிடங்கு அரிசி உலகச் சந்தைக்குக் கசியக் கூடாது என்ற அமைதிப் பிரிவின் நிபந்தனை அவர்களுக்காகத்தான். விதிகள் எல்லாமே நமக்கு எதிரானவையும் அல்ல. வசதி குறைந்த விவசாயிக்குத் தரும் உரம், மின்சாரம், பாசன மானியத்துக்கு வளரும் நாடுகளுக்கு ஒப்பந்தத்தின் 6.2 பிரிவில் விலக்கு உண்டு. நாம் அதைப் பயன்படுத்தித்தான் வருகிறோம். 2023 ஜூலையில் உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. நம் அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க ஏழைகளுக்கு விலை ஏறியது. இங்கே நெல் விளைவித்தவனுக்கும் அந்த ஏற்றம் கிடைக்காமல் போனது. அந்தத் தடையைப் போடும்படி ஜெனிவா சொல்லவில்லை.

நம் ரேஷன் கடையிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. அங்கே கிடைக்கும் அரிசி நம் நெல் விவசாயியைத் தாங்குகிறது. அதே கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவுக்கு உரிமை உண்டு. அதைவிட மிகக் குறைவாகவே போடுகிறோம். ஏழை வீட்டு அடுப்புக்கு எண்ணெய் மலிவாக வேண்டும் என்பது அதன் நியாயம். பொள்ளாச்சித் தென்னை விவசாயியும் பட்டுக்கோட்டைத் தென்னை விவசாயியும் தேங்காய் எண்ணெயை ரேஷனில் கொடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுடைய நியாயம். நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிவிட்ட நிலைக்கு அன்னிய விதியைக் குறை சொல்ல முடியாது. விதி கொடுத்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது நம் வீட்டு முடிவு.

வர்த்தகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. விளைவித்ததை நல்ல விலைக்கு வெளிநாட்டில் விற்க முடிவது வியட்நாம் விவசாயிக்கும் பிரேசில் விவசாயிக்கும் வாழ்வு கொடுத்திருக்கிறது. நம் இறால் பண்ணைக்காரரும் அதில் பிழைக்கிறார். என் வாதமெல்லாம் தராசைப் பற்றியது. ஒரு பக்கத் தட்டில் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் பழைய படிக்கல்லை வைத்துக்கொண்டு, சரக்கு கூடுதல் என்று குற்றம் சாட்டக் கூடாது.

எனவே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1986-88 விலையை எடுத்துவிட்டு, அண்மை வருடங்களின் சராசரியை வைக்க வேண்டும். சிறு விவசாயிகள் நிறைந்த நாடுகளுக்கு இறக்குமதி வெள்ளத்தின்போது கதவை மூடும் உரிமை வேண்டும். பருத்தியில் ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டும். நமக்கு நியாயம் கேட்கிற நாம் மாலிக்கும் சேர்த்துக் கேட்டால்தான் நம் குரலுக்கு வலு.

மழை தூற ஆரம்பித்தது. பெரியப்பா எழுந்து ஓடினார். நானும் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். நெல்லை மூடி, நாலு முனையிலும் கல் வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் கேட்டார்: "அந்த மூணு ரூவா அம்பத்திரண்டு காச எப்பதான் மாத்துவாங்க?"

அடுத்த முறை உலக வர்த்தக அமைப்பின் மாநாடு பற்றிச் செய்தி வரும்போது, தலைப்பைத் தாண்டிப் படியுங்கள். பொதுக் கொள்முதலுக்கு நிரந்தரத் தீர்வு வந்ததா, பழைய விலை மாறியதா என்று தேடுங்கள். வரவில்லை என்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பெரியப்பா என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.